கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்

எங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் சண்டை வருவதுண்டு. ஆனால் அது எப்போதும் புத்தகங்களைப் பற்றியதாகவே இருக்கும். சென்ற மார்கழிக் கூட்டத்தில் வந்தது வேறு வகை. பேச்சு முடிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த வேளையில், குழுவின் மூத்த உறுப்பினரான ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் தாம் மலையேற்றத்துக்குப் பெயர் கொடுக்கப் போவதாகச் சொன்னார். நாங்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைப்போம். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறோம். தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையவழி முன்பதிவுடன் தொடங்கிய திட்டத்தைப் பற்றி நாளிதழில் படித்திருக்கிறார். எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளில் மூன்று வகை உண்டு. டீச்சர் கண் வைத்திருந்தது நடுத்தரத்தின்மேல். அவருக்கு வயது 67. இதுவரை அவர் ஏறிய மலை பழனி ஒன்றுதான். அதிலும் இறங்கும்போது விஞ்சில் வந்துவிட்டதாக அவரே சொல்லிச் சிரித்தார்.

“துணைக்கு யாராவது ஒருத்தர் வர்றீங்களா?” என்பது மட்டுமே அவருடைய கேள்வி.

அந்தக் கேள்விக்கு எவரும் விடை சொல்லவில்லை. ஒருவர் அவருடைய முழங்காலை நினைவூட்டினார். இன்னொருவர் சர்க்கரையை. மூன்றாமவர் குரங்கணித் தீயைப் பேச்சில் இழுத்தார். “இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு டீச்சர் இதெல்லாம்?” என்று நான்காமவர் மிகுந்த அன்போடு கேட்டார். அவருடைய மகனிடம் தொலைபேசியில் பேசிவிடுவதாகவும் ஒரு குரல் எழுந்தது. அதற்கு அரைமணி நேரம் முன்புதான், ஒரு நாவலின் நாயகி வீட்டைவிட்டு வெளியேறியது முற்றிலும் சரியே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்திருந்தோம்.

டீச்சர் மறுமொழி பேசவில்லை. குவளைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிந்தைய நாட்களில் எங்களுக்குள் நடந்த நீண்ட வாக்குவாதத்திலிருந்து எழுதப்படுவது இக்கட்டுரை. எழுதியது ஒருவரே எனினும், அன்று வாய் திறந்த அனைவரும் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பின்பே இங்கு இடம்பெறுகிறது.

அன்று டீச்சரிடம் சொல்லியிருக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு. எங்களில் எவருக்கும் நினைவுக்கு வரவில்லை. எம்மா கேட்வுட். 1887இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்த விவசாயக் குடும்பத்துப் பெண். பத்தொன்பது வயதில் திருமணம், பதினொரு பிள்ளைகள். கணவர் படித்தவர், ஆசிரியராக இருந்தவர். மனைவியைப் பல்லும் விலா எலும்பும் உடையும்படி அடித்தவர். அடி தாங்காமல் ஓடும் நாட்களில் எம்மாவுக்குப் புகலிடமாக இருந்தது வீட்டுக்குப் பின்னாலிருந்த காடு. முப்பதாண்டுகளுக்கும் மேலான அந்த இல்வாழ்க்கை 1941இல் மணமுறிவில் முடிந்தது. பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வழியில் போயினர். பிறகு எப்போதோ ஒரு பழைய ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழ் அவர் கைக்குக் கிடைத்தது. அதில் அப்பலாச்சியன் நடைபாதையைப் பற்றி ஒரு கட்டுரை. அமெரிக்காவின் கிழக்கு மலைத்தொடரின் முதுகு வழியாக ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை, பதினான்கு மாநிலங்களை ஊடுருவிச் செல்லும் காட்டுப்பாதை அது. அந்நாளில் அதன் நீளம் ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர். பாதை சீரானது, தங்குமிடங்கள் ஒழுங்கானவை என்ற எண்ணத்தைக் கட்டுரை தந்தது. பிற்காலத்தில் எம்மா அந்தக் கட்டுரையின்மேல் சினம் கொண்டிருந்தார் என்பது தனிக்கதை. பயணக் கட்டுரை எழுதுவோர் எல்லாக் காலத்திலும் எல்லா மொழியிலும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கிறார்கள்!

1955 மே மாதம் ஜார்ஜியாவில் புறப்பட்டு, செப்டம்பர் 25 அன்று மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரத்தை அடைந்தார். 146 நாட்கள். வயது 67, டீச்சரின் வயது. அப்பாதை முழுவதையும் ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்த முதல் பெண் அவரே. தோளில் தாமே தைத்த ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு போர்வை, ஒரு மழைக்கோட்டு, கூடாரத்துக்குப் பதிலாகக் குளியலறைத் திரைச்சீலை ஒன்று. எல்லாம் சேர்ந்து பத்துக் கிலோவை எட்டாது. காலில் சாதாரணக் கான்வாஸ் ஷூ. உலர்ந்த திராட்சையும் வேர்க்கடலையும் டின்னில் அடைத்த இறைச்சியும் உணவு. வழியில் பறித்துண்ணத் தக்க கீரைகளை அறிந்து வைத்திருந்தது சிறுவயதுக் கிராமத்து அறிவு. அவ்வாண்டு ஆகஸ்டில் கானி, டயான் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து அக்கரையைத் தாக்கின, மழையிலேயே நடந்தார். இன்று குறைந்த சுமையோடு நெடுந்தொலைவு நடப்போர் தங்கள் மரபுக்கு முன்னோடியாக அந்தத் துணிப்பைக்காரரைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இவ்வளவும் பெரும்பாலும் எல்லோரும் எழுதுவதே. எங்களுக்கு முக்கியமாகப் படுவது 1955 அன்று. அதற்கு முந்தைய ஆண்டு. 1954 கோடையில் எம்மா முதன்முதலாகப் பாதையில் இறங்கினார், அப்போது வடமுனையான கட்டாடினிலிருந்து தெற்கு நோக்கி. சில நாட்களிலேயே வழி தவறினார். மூக்குக்கண்ணாடி உடைந்தது. கையிலிருந்த உணவு தீர்ந்தது. வன அலுவலர்கள் தேடிக் கண்டுபிடித்தபோது, பேசாமல் வீட்டுக்குப் போய்ச் சேருமாறு அறிவுரை கூறினர். அவரும் ஊர் திரும்பினார். அறுபத்தாறு வயதில், காட்டில் வழி தவறி, அரசு ஊழியர்களால் மீட்கப்பட்டு, கண்ணாடி உடைந்து வீடு திரும்பிய ஒரு தாய்! நம் ஊராக இருந்தால் அதற்குப் பிறகு அவரைத் தெருமுனைக் கடைக்குத் தனியாக அனுப்பியிருப்பார்களா? அடுத்த ஆண்டு வந்தது. “கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்” என்ற அளவில் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். எங்கே, எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை. வழியிலிருந்து அவர் அனுப்பிய அஞ்சலட்டைகளும் நாளிதழ்ச் செய்திகளும்தாம் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லின.

அவர் சொன்னது பொய்யன்று. எனினும் அந்த மறைப்பை நாங்கள் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தோம். பதினொரு பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கிய ஒருத்தி, தன் கால்களால் தான் நடப்பதற்கு, பதின்பருவத்துப் பெண் திரைப்படத்துக்குப் போவதைப் போல வீட்டில் ஒளித்துப் போக வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதற்கு எங்கள் தேநீர் வேளையே சான்று.

முதியவர்கள் புதிதாக ஒன்றைச் செய்ய முற்படும்போது நாம் அவர்களுக்கு மறுப்பது ஆபத்தை மட்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். இப்போது அப்படித் தோன்றவில்லை. நாம் மறுப்பது கற்றுக்குட்டியாக இருக்கும் உரிமையை. இருபது வயதுப் பையன் மலையேறப் போய்ப் பாதியில் மூச்சு வாங்கித் திரும்பினால் அது அனுபவம். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். அறுபத்தேழு வயதில் ஒருவர் பாதியில் திரும்பினால் அது தீர்ப்பாகிவிடுகிறது. “நாங்கதான் அப்பவே சொன்னோமே” என்ற ஒரு வாக்கியத்துக்காக வீடே காத்திருக்கிறது. தவறு செய்து கற்கும் காலம் ஒருவருக்கு எந்த வயதில் முடிந்துபோகிறது என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எனினும் எல்லோருக்கும் அது தெரிந்தே இருக்கிறது.

வெற்றி பெற்றுவிட்டால் கதை வேறு. அப்போது நாமே மாலையோடு வரிசையில் நிற்போம். எம்மா கேட்வுட்டைப் பத்திரிகைகள் கண்டுகொண்டதும் செய்த முதல் காரியம் ‘கேட்வுட் பாட்டி’ என்று பெயர் சூட்டியதுதான். கலிபோர்னியாவில் ஹல்டா குருக்ஸ் என்றொரு பெண்மணி 4,400 மீட்டருக்கும் உயரமான விட்னி சிகரத்தை 1962இல், தம் 66ஆம் வயதில் முதன்முதலாக ஏறினார். அது உட்பட 91 வயது வரை அதே சிகரத்தை இருபத்துமூன்று முறை ஏறினார். 1987இல் ஜப்பானின் பியூஜி மலையையும் ஏறி முடித்தார். அவருக்குக் கிடைத்த பெயர் ‘விட்னி பாட்டி’. அன்பான பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒருவர் காலின் வலிமையையும் மூச்சின் பயிற்சியையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, அவருடைய பேரப்பிள்ளைகளை முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறது. வியப்புக்குரியது ஏறியதா, பாட்டி ஏறியதா? எட்மண்ட் ஹிலாரியை எவரும் ‘எவரெஸ்ட் தம்பி’ என்று எழுதவில்லை.

நம் மொழியின் நிலையும் மெச்சத்தக்கதாக இல்லை. சாகச விளையாட்டு என்கிறோம். சாகசம் என்ற சொல்லுக்குத் துணிவு என்றும் பொருள். பாசாங்கு என்றும் பொருள். ஆணுக்குச் சொன்னால் வீரம். பெண்ணைச் ‘சாகசக்காரி’ என்றால் அது வசை. நடித்து மயக்குபவள் என்று பொருள்படும். ஒரு சொல்லே ஆளுக்கேற்பத் திரும்பிக்கொள்கிறது. இன்னொன்றும் தோன்றுகிறது. வால்பாறையில் சரிவில் நின்று நாள் முழுதும் கொழுந்து பறித்து, முதுகில் சுமை ஏற்றி இறங்கும் முதிய பெண்களை எவரும் சாகசக்காரர் என்று எந்தப் பொருளிலும் அழைப்பதில்லை. கூலிக்கு ஏறினால் அது வேலை. ஆசைக்கு ஏறினால் மட்டுமே அனுமதி தேவைப்படுகிறது.

பக்திக்கு ஏறினால்? இங்கேதான் நம் ஊர்க் கதை சுவையாகிறது. கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலைக்குப் போனவர்கள் கண்டிருப்பார்கள். மாசி தொடங்கிச் சித்திரை வரையிலான பருவத்தில், பூண்டி அடிவாரத்தில் மூங்கில் கம்பு ஒன்றை வாங்கிக்கொண்டு, இருட்டில் ஏழு மலைகளைத் தாண்டி ஏறுவோரில் நரைத்த தலைகள் எத்தனை! கல் படி, வழுக்குப் பாறை, மண் சரிவு, உச்சியில் நடுக்கும் காற்று. எந்த நாட்டு மலையேற்றச் சங்கமும் இதனைக் கடினப் பாதை என்றே வகைப்படுத்தும். ஆனால் அறுபத்தைந்து வயதுப் பெரியவர் வெள்ளியங்கிரிக்குப் புறப்பட்டால் வீட்டில் விபூதி பூசி வழியனுப்புகிறார்கள். 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் மலையேறிய பக்தர்கள் சிலர் மூச்சுத் திணறியும் நெஞ்சடைத்தும் இறந்தனர். இதய நோயும் மூச்சு நோயும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என அறிவுறுத்தப்பட்டது. அதன் பின்பும் மலையேற்றத்தின் பெயரால் அஞ்சிய அளவுக்கு யாத்திரையின் பெயரால் எவரும் அஞ்சவில்லை. உடல் ஒன்றே, சரிவும் ஒன்றே. கம்பின் நுனியில் கட்டிய காரணம் மட்டும் வேறு. டீச்சர் அன்று வெள்ளியங்கிரிக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் எங்களில் நான்கு பேராவது திருநீறு கேட்டிருப்போம்.

இதில் பக்தியைக் குறை கூறும் எண்ணம் எங்களுக்கு இல்லை. வேறு காரணம் எதுவும் இல்லாமல், ஏறிப் பார்க்க வேண்டும் என்ற ஒரே விருப்பத்தோடு ஒரு முதிய உடல் புறப்படுவதை நம்மால் ஏன் பொறுக்க முடியவில்லை என்பதே கேள்வி. அதற்கு மரபு துணை நிற்கவில்லை என்றும் சொல்ல முடியாது. வானப்பிரஸ்தம் என்ற சொல்லிலேயே வனம் இருக்கிறது. கடமை முடித்தவன் போக வேண்டிய இடம் காடு என்றுதான் அந்நூல்கள் விதித்தன, சாய்வு நாற்காலி என்றல்ல. நம் ஔவையின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மணம் பேசி வந்தபோது, இளமையை எடுத்துக்கொண்டு முதுமையைக் கொடு என்று அவர் விநாயகரிடம் வேண்டிப் பெற்றதாகச் செவிவழிக் கதை. எதற்காக முதுமை? ஊர் ஊராக நடக்க. காரைக்கால் அம்மையாரும் உடலின் அழகை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்ற பிறகே கயிலை நோக்கிப் புறப்படுகிறார். அம்மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறியதாகப் பெரிய புராணம் சொல்கிறது. இளமையோடு இருக்கும்வரை பெண்ணால் நடக்க முடியாது என்பது இக்கதைகளில் மறைந்திருக்கும் கசப்பு. ஆனால் முதுமை அவர்களுக்கு ஒரு கடவுச்சீட்டாகவாவது இருந்தது. தமிழ் மனம் வணங்கும் மூதாட்டி கையில் கோலோடு வழிநடப்பவள். அந்த மூதாட்டியின் படத்தைப் பாடநூல்தோறும் பார்த்து வளர்ந்த நாம்தாம், முதுமை என்றால் நடக்காதிருத்தல் என்று மாற்றிவிட்டோம்.

எதிர்வாதங்களைத் தட்டிக் கழிப்பது நேர்மையாகாது. எங்கள் குழுவிலேயே ஒரு மருத்துவர் இருக்கிறார். கட்டுரையின் முதல் வடிவைப் படித்துவிட்டு, “உபாத்யாயாவை விட்டுவிட்டீர்களே” என்றார்.

சைலேந்திர குமார் உபாத்யாய நேபாளத்தின் முன்னாள் வெளியுறவு அமைச்சர். 2011 மே மாதம், தம் 82ஆம் வயதில், எவரெஸ்டின் உச்சியை எட்டிய மிக மூத்த மனிதராக வேண்டும் என்ற நோக்கோடு ஏறத் தொடங்கினார். முதியவர்களால் இயலும் என்று காட்டுவதே தம் விருப்பம் என்றார். முதல் முகாமைத் தாண்டி அவரால் போக இயலவில்லை. மலையிலேயே உயிர் நீத்தார். அவர் முறியடிக்க எண்ணிய சாதனையை 2008இல் 76 வயதில் நிகழ்த்திய மின் பகதூர் ஷெர்சன், இளமையில் படைவீரராக இருந்தவர். 2013இல் 80 வயதில் அதனை விஞ்சிய ஜப்பானியர் யுயிச்சிரோ மியூரா, 1970இலேயே எவரெஸ்டின் சரிவில் பனிச்சறுக்கி இறங்கியவர். வாழ்நாள் முழுதும் பழகிய உடல்களின் கணக்கைப் புதிதாகத் தொடங்கும் உடல் கையில் எடுத்ததன் விலையே உபாத்யாயாவின் மரணம் என்பது மருத்துவரின் கருத்து. பழகிய உடலுக்கும் மலை சலுகை தரவில்லை என்பதையும் சேர்க்க வேண்டும்: இழந்த சாதனையை மீட்க 2017இல் 85 வயதில் திரும்பி வந்த ஷெர்சன் எவரெஸ்ட் அடிவார முகாமில் இறந்தார்.

நாங்கள் இதை இப்படிப் பார்க்கிறோம். ‘மிக மூத்தவர்’ என்ற பட்டம் ஒரு நச்சுப் பரிசு. முதியவருக்கு நாம் தரும் ஒரே ஊக்கம் சாதனைப் பட்டியலில் ஓர் இடமாக இருக்கும்போது, அவர் தொடங்கும் இடமே எவரெஸ்டாக இருக்க வேண்டியிருக்கிறது. சிறு குன்றில் ஏறி, பாதியில் திரும்பி, அடுத்த மாதம் மறுபடி போகும் முதியவருக்குச் செய்தியும் இல்லை, மாலையும் இல்லை. வீட்டில் அனுமதியும் இல்லை. நடுவில் உள்ள படிகளை எல்லாம் பெயர்த்தெடுத்துவிட்டு உச்சியை மட்டும் காட்டினால் யார்தான் விழமாட்டார்கள்?

மருத்துவர் சொன்ன வேறு சிலவும் இங்கே பதிவு செய்யத் தக்கவை. வயதேறினால் தாக உணர்வு மங்குகிறது. உடலில் நீர் குறைந்த பிறகும் நாக்கு கேட்பதில்லை. ஆகவே மலையில் முதியவர் கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஏற்றம் நெஞ்சைச் சோதிக்கும், இறக்கமோ முழங்காலையும் தொடையையும். பலர் ஏறும்போது காட்டும் எச்சரிக்கையை இறங்கும்போது விட்டுவிடுகிறார்கள். மங்கிய வெளிச்சத்துக்குக் கண் பழக நேரமாகும், எனவே இருட்டுமுன் அடிவாரம் சேர வேண்டும். மூங்கில் கம்பு இரண்டு கால் உள்ளவருக்கு மூன்றாவதைத் தருகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொடங்கும் முன் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்வதும், ஏழெட்டு வாரமாவது படியேறிப் பழகுவதும் கட்டாயம். “படியேறினால் இந்த வயதில் என்ன பலன்?” என்று கேட்டோம். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்த ஆய்வைச் சொன்னார். தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் பளுவோடு கால் பயிற்சி அளித்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறில் தசைக்குக் கற்கத் தெரிகிறது. நமக்குத்தான் அது தெரியாமலிருந்தது.

இன்னும் ஓர் எதிர்வாதம் உண்டு. அதைச் சொன்னவர் எங்கள் குழுவின் இளைய பெண்களில் ஒருவர், மாமியாரோடு வசிப்பவர். “அவங்க விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சா படுக்கையில பார்த்துக்கிறது யாரு? மகன் லீவு போடமாட்டார். நான்தான்.” இந்தக் குரலுக்கு எங்களிடம் எளிய விடை இல்லை. முதியவரின் சுதந்திரத்துக்கான செலவை நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு மருமகளோ மகளோ தன் முதுகால் கட்டுகிறாள். இதை மறைத்துவிட்டுச் சுதந்திரம் பேசுவது ஆண்களுக்கு எளிது. முதியவர்கள் பலர் விழுவது வீட்டுக்குள்ளேதான் என்பது உண்மையே. நடக்காத கால் இன்னும் விரைவாகத் தளரும் என்பதும் உண்மையே. ஆனால் அப்பெண் கேட்டது எலும்பைப் பற்றி மட்டுமன்று. ஆகவே நாங்கள் இவ்வளவே சொல்ல முடியும்: தடுக்கும் உரிமை யாருக்காவது இருக்குமானால் அது அவளுக்கே. அன்று தேநீர்க் குவளையோடு அறிவுரை வழங்கிய எங்களில் எவரும் டீச்சரின் படுக்கையருகே உட்காரப் போவதில்லை.

குரங்கணியைப் பற்றியும் சொல்லிவிடுவோம், நாங்களே எடுத்த ஆயுதம் என்பதால். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் அம்மலையில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தனர். பெரும்பாலோர் இளைஞர்கள். காய்ந்த புல்லில் பரவிய தீ எவருடைய பிறப்புச் சான்றிதழையும் கேட்கவில்லை. அதன் பின்னர் அவ்வாண்டே மாநில அரசு மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தது. பருவம் பார்க்க வேண்டும், அனுமதி பெற வேண்டும், வழி தெரிந்தவரோடு போக வேண்டும் என்ற பாடம் எல்லா வயதினருக்கும் உரியது. அதனை ஒரு முதிய பெண்ணை உட்கார வைக்கும் கதையாக நாங்கள் பயன்படுத்தியது அங்கே மடிந்தவர்களுக்கும் செய்த அவமதிப்பு.

2023 அக்டோபரில் இல்லினாய் மாநிலத்தில் டோரதி ஹாஃப்னர் என்ற 104 வயதுப் பெண்மணி, வாக்கரைத் தரையில் விட்டுவிட்டு விமானமேறி, பயிற்சியாளர் ஒருவரோடு பிணைக்கப்பட்டு 13,500 அடி உயரத்திலிருந்து குதித்தார். சில நாட்களில் உறக்கத்திலேயே காலமானார். இதனை ஒரு சாரார் கொண்டாட்டமாகவும் மறுசாரார் எச்சரிக்கையாகவும் எழுதினர். எங்களைத் தொட்டது ஒரு சிறு விவரம். அவர் முதன்முதலாகக் குதித்தது நூறாவது வயதில். அப்போது விமானத்தின் வாயிலில் தயங்கி நின்றவரைப் பின்னாலிருந்து தள்ளிவிட வேண்டியிருந்ததாம். 104இல் தாமே முன்னின்று குதிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். நூறு வயதில் ஒருவர் தயங்கினார், நூற்றுநான்கில் தேர்ச்சி அடைந்தார்! இத்தகைய குதித்தலில் பாராசூட்டை இயக்குவது பயிற்சியாளர்தான். இது மலையேற்றம் போன்றதன்று, காசு கொடுத்துப் பெறும் கிளர்ச்சி என்று எங்களில் இருவர் வாதிட்டனர். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. வாசலில் தயங்கிய அந்தக் கணத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது என்பது இதை எழுதுபவரின் கட்சி.

எம்மா கேட்வுட் 1957இல் மறுபடியும் முழுப் பாதையையும் நடந்தார். மூன்றாம் முறை பகுதி பகுதியாக நடந்து 1964இல் முடித்தார்; அப்பாதையை மும்முறை முடித்த முதல் மனிதர் அவர். இடையில் 1959இல், மிசௌரியிலிருந்து ஒரிகன் வரை, பழைய குடியேறிகள் மாட்டுவண்டிகளில் சென்ற 2,000 மைல் வழியை நடந்தே கடந்தார். 1973இல், 85 வயதில் இறந்தார். ஏன் நடந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெவ்வேறு பதில் சொன்னதாகத் தெரிகிறது. எல்லாப் பதிலும் உண்மையாக இருக்கலாம். கணவரின் பேச்சை மட்டும் பத்திரிகையாளர்களிடம் எடுக்கவில்லை. தம்மைக் கைம்பெண் என்றே சொல்லிக்கொண்டார். அவர் புகழ் பெற்றபோது அந்த மனிதர் உயிரோடுதான் இருந்தார்.

டீச்சர் போனார். எங்களிடம் சொல்லாமல்தான். மகனிடம் சொன்னாரா என்று நாங்கள் கேட்கவில்லை. நடுத்தரத்தை விட்டு எளிய பாதையைத் தேர்ந்தெடுத்து, தங்கை மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தை மாதக் கடைசியில் போயிருக்கிறார். மாசிக் கூட்டத்தில், அதே தேநீர் வேளையில், எவரும் கேட்காமலே சொன்னார்: “பாதியில திரும்பிட்டேன். மூச்சு வாங்கிச்சு. கூட வந்த வழிகாட்டிப் பையன் ரொம்ப நல்ல பிள்ளை, ஒரு பாறையில உக்கார வெச்சு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தான். அங்கேருந்து பார்த்தா ஒரு இருவாச்சி பறந்துது. அதோட இறக்கைச் சத்தம் கேட்டிருக்கீங்களா யாராவது?”

எவரும் கேட்டதில்லை. அந்த ஓசை எப்படி இருக்கும் என்று அவர் கையை அசைத்து, வாயால் ஊதிக் காட்டினார். நாற்பது ஆண்டுகள் வகுப்பெடுத்த குரல்.

அடுத்த முறைக்கு இப்போது எங்களில் மூவர் பெயர் கொடுத்திருக்கிறோம், மருத்துவரும் ஒருவர். இதை எழுதுபவர் அடுக்ககத்தின் நான்கு மாடிகளை நாள்தோறும் மும்முறை ஏறி இறங்குகிறார், இரண்டாவது முறையிலேயே இரைக்கிறது. நேற்றிரவு டீச்சர் எங்கள் குழுவுக்கு அனுப்பிய செய்தி: போன தடவை கம்பு இல்லாமல் இறங்குவதுதான் சிரமமாக இருந்தது, வெள்ளியங்கிரி போய்வந்தவர்கள் வீட்டில் பழைய மூங்கில் கம்பு ஏதேனும் கிடக்கிறதா, இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரவும்.